ஜான் வெஸ்லியும் மரண பயமும்

மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி (1703–1791), குதிரை மேல் ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தவர், கல்லெறிக்கும் கூச்சலுக்கும் அஞ்சாதவர் என்றே பெரும்பாலும் அறியப்படுகிறார். தமது 32ஆம் வயதில் அவர் நடுக்கடலில் சாவுக்கு அஞ்சி நடுங்கினார் என்பதும், அந்த நடுக்கத்தைத் தாமே நாட்குறிப்பில் எழுதி ஊரறிய அச்சிட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

விசுவாசி ஒருவருக்குப் பயம் வரலாமா? வந்தால் அவருடைய விசுவாசம் பொய்யாகிவிடுமா? அறுவைச் சிகிச்சைக்கு முந்திய இரவிலும், வேலை போன வீட்டிலும், முதுமையின் தனிமையிலும் இந்தக் கேள்வி எழுகிறது. எழுந்தாலும் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் தம்மை விசுவாசம் இல்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. வெஸ்லி இந்தக் கேள்வியோடு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இடையில் தம் விடையையும் மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தை விளக்குவதே இக்கட்டுரை. (1752க்கு முந்திய தேதிகள் அன்றைய ஆங்கில நாட்காட்டிப்படி தரப்பட்டுள்ளன.)

வேதாகமத்தில் பயம்

பயப்படாதே என்ற சொல் வேதாகமத்தில் சரியாக 365 முறை, நாளுக்கு ஒன்றாக, வருகிறது என்று பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும். ஒத்துவாக்கியத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது. கணக்கு வராததால் ஒரு குறையும் இல்லை. அந்தச் சொல் யாரிடம் சொல்லப்பட்டது என்று பார்ப்பதே பயன் தரும். ஆபிரகாம், கிதியோன், மரியாள், மூழ்கப்போகும் கப்பலில் இருந்த பவுல், பத்மு தீவில் இருந்த யோவான் என எல்லாரும் ஏற்கனவே பயந்துகொண்டிருந்தவர்கள் அல்லது பயப்படக் காரணம் உள்ளவர்கள். பயமே இல்லாதவருக்கு அந்தச் சொல் தேவைப்பட்டிருக்காது.

தமிழ் வேதாகமத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கர்த்தருக்குப் பயப்படுதல் ஞானத்தின் தொடக்கம் என்று நீதிமொழிகள் சொல்கிறது. பயப்படாதே என்று தேவதூதர் சொல்கிறார். இரண்டு இடத்திலும் பயம் என்ற ஒரே சொல்தான். முன்னது மதிப்பும் நடுக்கமும் கலந்த பணிவு; பின்னது உயிருக்கும் உடைமைக்கும் வரும் கேடு பற்றிய கலக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால் வரும் குழப்பம், பின்னால் வெஸ்லியின் கதையிலும் வரும்.

மாற்கு 4ஆம் அதிகாரத்தில் உள்ள புயல் நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். கலிலேயாக் கடல் என்பது உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் தாழ்வில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. மேட்டிலிருந்து குளிர்காற்று திடீரென இறங்கினால் சிறிது நேரத்தில் ஏரி கொந்தளித்துவிடும். படகில் இருந்தவர்களில் சிலர் அந்த ஏரியிலேயே மீன்பிடித்துப் பிழைத்தவர்கள். அவர்களே பயந்தார்கள் என்றால் ஆபத்து கற்பனையன்று. இயேசுவோ படகின் பின்பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியபின் காற்றை அடக்கினார். உங்களுக்கு ஏன் விசுவாசம் இல்லை என்று சீடர்களைக் கேட்டார். கடிந்துகொண்டாரே தவிர, ஒருவரையும் படகிலிருந்து இறக்கிவிடவில்லை. காற்று நின்ற பிறகு அவர்கள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவையே திகிலும் வியாகுலமும் பிடித்ததாகக் காண்கிறோம்.

எப்வொர்த் வீடு

வெஸ்லி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரத்தில் எப்வொர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் அவ்வூர்ச் சபையின் குரு. தாய் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். 1709 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு குருமனை தீப்பற்றியது. எல்லாரும் வெளியேறியபின் எண்ணிப் பார்த்தபோது ஐந்து வயது ஜான் இல்லை. மாடிச் சன்னலில் நின்ற சிறுவனை, ஒருவர் தோள் மேல் இன்னொருவர் ஏறி இறக்கினார்கள். இறக்கிய சற்று நேரத்தில் கூரை உள்ளே சரிந்தது. நெருப்பிலிருந்து பறித்தெடுத்த கொள்ளி என்ற சகரியாவின் உவமையை அவர் பிற்காலத்தில் தமக்குப் பொருத்திச் சொல்லிக்கொள்வார்.

இந்த வீட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் பணி பற்றிய கடிதங்கள் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. கணவர் லண்டன் சென்றிருந்த காலத்தில், வீட்டிலிருந்த அந்த நூலை மகள் எமிலி எடுத்துக் கொடுக்க, சூசன்னா படித்து மிகவும் கிளர்ச்சியுற்றார். பெண்ணாகவும் குரு அல்லாதவராகவும் இருந்தாலும் தம்மால் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது என்று எண்ணி, தம் பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே அமர்ந்து பேசுவதென்று முடிவு செய்தார். இதை அவரே 1712இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். ஜானுக்கு வியாழக்கிழமை. கல்லூரி ஆசிரியரான பின்னும் அந்த வியாழக்கிழமைகளுக்காக அவர் ஏங்கினார். கடற்கரையூர் ஒன்றில் தமிழரிடையே நடந்த வேலை, எங்கோ ஒரு சமையலறையில் ஒரு சிறுவனின் மனத்தைத் தொட்டிருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

ஆக்ஸ்போர்டில் வெஸ்லியின் பக்தி கடுமையானது. புதனும் வெள்ளியும் உபவாசம், சிறைக் கைதிகளைச் சந்தித்தல், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணக்கு எழுதுதல் என்று அவரும் தம்பி சார்ல்ஸும் நண்பர்களும் வாழ்ந்தார்கள். மெதடிஸ்தர் என்ற பெயர், இந்த ஒழுங்குமுறையைக் கண்டு மாணவர்கள் வைத்த கேலிப்பெயர்தான். இத்தனைக்கும் நடுவே மனத்தில் நிம்மதி இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா குடியேற்றத்துக்குப் போதகராகப் புறப்பட்டபோது, தம் சொந்த ஆத்துமாவை மீட்டுக்கொள்ளும் நம்பிக்கையே போவதற்கு முதற்காரணம் என்று ஒரு கடிதத்தில் ஒளிக்காமல் எழுதினார்.

சிம்மண்ட்ஸ் கப்பல்

1735 அக்டோபர் 14ஆம் நாள் அவர் சிம்மண்ட்ஸ் என்ற கப்பலில் ஏறினார். காற்று ஒத்துழைக்காததால் டிசம்பர் 10 வரை இங்கிலாந்துக் கரையை விட்டே கப்பல் விலகவில்லை. அதே கப்பலில் 26 ஜெர்மானியர் இருந்தார்கள். மொரேவிய சகோதரர் என்று அழைக்கப்பட்ட சபையினர் அவர்கள்; தலைவர் டேவிட் நிட்ச்மான் என்னும் தச்சர், அண்மையில் பேராயராக்கப்பட்டவர். அவர்களோடு பேசுவதற்காகவே வெஸ்லி கப்பலில் ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்கினார்.

கரையோரத்தில் காத்திருந்த நாட்களிலேயே ஓர் இரவு கப்பல் ஆடிய ஆட்டத்தில் விழித்து, தாம் சாவதற்கு ஆயத்தமாக இல்லை என்று உணர்ந்தார். ஜனவரி 17 மாலை உண்மையான புயல் வந்தது. இரவு ஒன்பது மணியளவில் அலை கப்பலின் முன்முனை தொடங்கிப் பின்முனை வரை மூடி, அறைச் சன்னல்களை உடைத்து உள்ளே பாய்ந்தது. ஓர் எழுதுமேசை மறைத்ததால் வெஸ்லி நேரடி அடியிலிருந்து தப்பினார். காலையில் உயிரோடு எழுவோமா என்று தெரியாமலே படுத்தார். சாக மனமில்லாத தம் நிலையை எண்ணி வெட்கப்பட்டார். பயத்தைவிட அந்த வெட்கம்தான் அவரை அதிகம் வருத்தியது என்பது படிக்கும்போது தெரிகிறது.

23ஆம் நாள் இரண்டாவது புயல். கப்பலை ஓட்ட முடியாமல் காற்றின் போக்கில் விட்டுவிட்டார்கள். மாற்கு நூலில் இயேசு சீடர்களைக் கேட்ட அதே கேள்வியை வெஸ்லி தம்மைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். மறுநாள் நண்பகல் கடந்து அறைக் கதவைத் தாண்டி அடி வைத்ததும், அலை சிதறாமல் ஒரே திரையாகக் கப்பலின் பக்கவாட்டில் ஏறி அவரை மூடியது. இனிமேல் தலைதூக்குவது கடல் தன்னிடமுள்ள மரித்தோரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில்தான் என்று அந்த நொடியில் தோன்றியதாக எழுதுகிறார். காயம் ஒன்றும் இல்லை.

25ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது புயல். இரவு ஏழு மணிக்கு ஜெர்மானியர் கூடும் இடத்துக்கு அவர் போனார். அவர்களை அவர் பல நாட்களாகவே கவனித்து வந்திருந்தார். மற்றப் பயணிகளுக்காக, ஆங்கிலேயர் எவரும் தொட விரும்பாத கீழ்வேலைகளை அவர்கள் கூலி வாங்காமல் செய்துவந்தார்கள். யாராவது தள்ளினாலோ அடித்துக் கீழே வீழ்த்தினாலோ எழுந்து போய்விடுவார்கள்; முறைப்பாடு இல்லை. கோபத்தையும் பழிவாங்கலையும் வென்றவர்கள், பயத்தையும் வென்றிருக்கிறார்களா என்று பார்க்கும் வாய்ப்பு இப்போது வந்ததாக அவர் நினைத்தார்.

ஆராதனை ஒரு சங்கீதத்தோடு தொடங்கியது. பாட்டின் நடுவில் அலை எழுந்து முதன்மைப் பாயைத் துண்டு துண்டாகக் கிழித்தது, கப்பலை மூடியது, தளங்களுக்கு இடையே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயரிடையே பயங்கர அலறல் எழுந்தது. ஜெர்மானியர் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, நிறுத்தாமல் பாட்டைத் தொடர்ந்தார்கள். பின்னர் ஒருவரிடம் வெஸ்லி, நீங்கள் பயப்படவில்லையா என்று கேட்டார். கடவுளுக்கு நன்றி, இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் பிள்ளைகளுமா பயப்படவில்லை என்று மீண்டும் கேட்டார். அவர்களுக்கும் சாவைப் பற்றிப் பயம் இல்லை என்று அவர் சாந்தமாகப் பதில் சொன்னார்.

வெஸ்லி அங்கிருந்து எழுந்து, அழுது நடுங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயரிடம் போனார். சோதனை நேரத்தில் கடவுளுக்குப் பயந்தவருக்கும் அப்படி இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். தாம் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் அந்த நாளே தாம் அதுவரை கண்ட நாட்களில் மகிமையானது என்று குறித்துவைத்தார்.

மொரேவியர் பயமற்றது எப்படி

இவர்கள் பிறவியிலேயே துணிச்சல்காரர்கள் அல்லர். 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட யான் ஹுஸ் என்பவரைப் பின்பற்றியோரின் வழிவந்தவர்கள். மொரேவியாவில் தங்கள் வழிபாட்டை மறைத்தே நடத்தி, கடைசியில் வீடு நிலம் எல்லாவற்றையும் விட்டு 1722இல் எல்லை தாண்டி, சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்னும் குடியிருப்பை அமைத்தார்கள். இழக்கக்கூடியதைப் பெரும்பாலும் ஏற்கனவே இழந்துவிட்டவர்கள். 1732 முதல் மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடிமைகளிடையே பணிசெய்யப் போனவர்களில் பலர் காய்ச்சலில் இறந்தார்கள். அந்த இடத்துக்கு அடுத்தவர் போனார். கப்பலில் இருந்த நிட்ச்மானே முதன்முதல் அங்கே போன இருவரில் ஒருவர். ஒவ்வொரு நாளும் கூடிப் பாடும் வழக்கம் அவர்களுக்கு இருந்தது. புயல் வந்த அன்று புதிதாகத் தைரியத்தை வரவழைத்துக்கொள்ளவில்லை; நேற்றும் முந்தாநாளும் பாடிய நேரத்தில் இன்றும் பாடினார்கள், அவ்வளவுதான். (இதே சபையினர் 1760இல் தரங்கம்பாடிக்கும் வந்து தோட்டக் குடியிருப்பு அமைத்து 1803 வரை இருந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் சென்றவர்களில் பலர் காய்ச்சலுக்குப் பலியானார்கள்.)

அமைதியான கடலில் வந்த பயம்

1736 பிப்ரவரியில் சவானா ஆற்று முகத்துவாரத்தை அடைந்ததும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியப் போதகர் வெஸ்லியிடம், கிறிஸ்து உம்மை மீட்டார் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார். என்னை மீட்க அவர் மரித்தார் என்று நம்புகிறேன் என்று வெஸ்லி சொன்னார். அந்தப் பதில் வெறும் வார்த்தை என்று அஞ்சியதாக நாட்குறிப்பில் எழுதினார்.

ஜார்ஜியாவில் அவர் பணி சரியாக அமையவில்லை. அமெரிக்கப் பழங்குடியினரிடம் போக வந்தவர் குடியேறிகளின் சச்சரவுகளில் மாட்டிக்கொண்டார். தாம் விரும்பிய சோபியா ஹாப்கி என்ற பெண் வேறொருவரை மணந்தபின், அவருக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து வழக்கில் சிக்கினார். இதில் வெஸ்லி பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1737 டிசம்பர் 2ஆம் நாள் இரவு சவானாவை விட்டு வெளியேறினார்.

திரும்பும் கப்பலில் நடந்தது கவனிக்கத்தக்கது. காற்று மெல்ல வீசியது. கடல் அமைதியாக இருந்தது. ஆனாலும் இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஓர் ஆபத்து பற்றிய கலக்கம் பல நாட்களாக அவரைப் பிடித்திருந்தது. டிசம்பர் 28 அன்று அது மிகவும் கூடவே, உரத்து ஜெபித்தார், மனம் அடங்கியது. காரணமுள்ள பயத்தை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது விளங்காது. இரவில் காரணமின்றி நெஞ்சு படபடக்க எழுந்து உட்காருபவர்களுக்கு விளங்கும்.

அப்போது அவர் எழுதிய முடிவு மிகக் கடுமையானது. எதற்காகவாவது கலங்குபவன், உடல்வலி நீங்கலாக, அந்த அளவுக்கு அவிசுவாசி. சாவை எண்ணிக் கலங்கினால், சாவது ஆதாயம் என்பதை அவன் நம்பவில்லை என்பதே பொருள். இப்படி ஒரு தராசை வைத்துத் தம்மையே நிறுத்தார், எடை குறைந்தது. பிறரை மனந்திருப்பப் போனேன், என்னை யார் மனந்திருப்புவது என்று புலம்பினார். ஆபத்து தூரத்தில் இருக்கும்போது நன்றாகப் பேசுவதும், சாவு முகத்தைக் காட்டியதும் கலங்குவதும்தான் தம் சமயம் என்றார்.

ஆல்டர்ஸ்கேட் தெரு

1738 பிப்ரவரியில் லண்டனில் பீட்டர் போலர் என்ற இளம் மொரேவியரைச் சந்தித்தார். விசுவாசம் இல்லாத நான் பிரசங்கத்தை நிறுத்திவிடவா என்று கேட்டபோது போலர் நிறுத்தச் சொல்லவில்லை. விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும்; வந்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இது போலித்தனத்துக்குத் துணைபோவதாகத் தோன்றும். ஆனால் மிதிவண்டி பழகுபவரிடம், பயம் போனபின் ஏறு என்று யாரும் சொல்வதில்லை. மறுநாளே வெஸ்லி மரண தண்டனை பெற்ற ஒரு கைதியிடம் போய் இந்தச் செய்தியைச் சொன்னார்.

மே 24 மாலை, விருப்பமில்லாமல்தான் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கையில் தம் இருதயத்தில் இனந்தெரியாத ஓர் இளஞ்சூடு பரவியதாக வெஸ்லி பதிவு செய்கிறார். தம் பாவங்களைக் கிறிஸ்து நீக்கிவிட்டார் என்ற உறுதி கிடைத்தது. மெதடிஸ்தர் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் இது.

கதையை இங்கேயே முடித்துவிடுவது பலருடைய வழக்கம். நாட்குறிப்பு அங்கே முடியவில்லை. அன்று இரவே, இது விசுவாசமாக இருந்தால் மகிழ்ச்சி எங்கே என்ற எண்ணம் அவரைக் குத்தியது. வீடு திரும்பியபின் சோதனைகள் மாறி மாறி வந்தன. 1739 ஜனவரியில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்லன் என்றே எழுதினார். ஆக, ஒரே மாலையில் பயம் கழன்று விழுந்துவிடவில்லை.

வெட்னஸ்பரி கலகமும் 1766ஆம் ஆண்டுக் கடிதமும்

1743 அக்டோபர் 20 அன்று வெட்னஸ்பரி என்ற ஊரில் ஒரு கும்பல் அவரைப் பிடித்து, மழையிலும் இருட்டிலும் ஒரு நீதிபதி வீட்டுக்கும், அங்கிருந்து இன்னொரு நீதிபதி வீட்டுக்கும் இழுத்துச் சென்றது. இருவருமே படுத்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார்கள். வழியில் பக்கத்து ஊர்க் கும்பல் பாய்ந்தது. ஒருவன் பின்னாலிருந்து தடியால் பலமுறை ஓங்கினான். ஒரு அடியும் படவில்லை. இத்தனைக்கும் நடுவே, தம் வாசிப்பறையில் இருப்பதுபோல மனம் தெளிவாக இருந்ததாக வெஸ்லி எழுதுகிறார். ஒரே ஒரு கவலை வந்ததாம்: ஆற்றில் தள்ளிவிட்டால் சட்டைப்பையிலுள்ள தாள்கள் நனைந்துவிடுமே என்பது. தமக்கு மெல்லிய கோட்டும் இலேசான காலணியும்தான், நீந்திக் கரையேறிவிடலாம் என்று நினைத்தாராம். கடைசியில் கும்பலின் தலைவனே அவரைக் காத்துக் கொண்டுபோய்விட்டான். ஏழு ஆண்டுகளுக்கு முன் கப்பலறையில் நடுங்கியவர்தான் இவர்.

பயத்தை முழுவதும் வென்றுவிட்டார் என்று இங்கே முடிக்கலாமா? 1766 ஜூனில், 63ஆம் வயதில், தம்பி சார்ல்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறர் படித்துவிடக் கூடாதென்று சில பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதினார். தாம் கடவுளை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை, கடவுளுக்குப் பயந்த ஒரு நேர்மையான புறமதத்தாரைப் போன்றவர்தாம் தாம் என்கிறார். தமக்குப் பயம் ஏதும் உண்டென்றால் அது நரகத்தில் விழுவதைப் பற்றியதன்று, ஒன்றுமில்லாமையில் விழுந்துவிடுவதைப் பற்றியது என்கிறார். இந்த வரியைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆயிரக்கணக்கானோருக்கு ஆறுதல் சொன்னவரின் உள்ளறை இது. அதே கடிதத்தில், தம்மால் நிற்கவும் முடியவில்லை, ஏதோ ஒன்று தம்மைச் சுமந்து முன்னே கொண்டுபோகிறது என்றும் எழுதுகிறார். அடுத்த வாரமும் அவர் குதிரை ஏறினார்.

வேலையாளும் பிள்ளையும்

ரோமர் 8:15இல் பவுல் இரண்டு ஆவிகளைப் பற்றிப் பேசுகிறார்: ஒன்று மீண்டும் பயப்படச் செய்யும் அடிமைத்தனத்தின் ஆவி; மற்றது கடவுளை அப்பா என்று கூப்பிடச் செய்யும் புத்திரசுவிகார ஆவி. இதைப் பற்றி வெஸ்லியின் பிரசங்கம் ஒன்று 1746இல் அச்சானது. வேலையாள், எசமானரின் கோபத்துக்கு அஞ்சி வேலை செய்கிறான். பிள்ளைக்கும் பயம் வரலாம். ஆனால் பயம் வந்ததும் அவன் ஓடுவது அப்பாவிடமிருந்து அல்ல, அப்பாவிடம். வகுப்பறையிலும் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். கணக்குத் தப்பானால் சிலேட்டை மறைப்பவன் ஒருவன். அழுதுகொண்டே கொண்டுவந்து காட்டுபவன் இன்னொருவன்.

வயதான பின், 1770களில், தம் எழுத்துகளைத் தொகுத்து மறுபதிப்புச் செய்தபோது பழைய நாட்குறிப்புக்கு வெஸ்லி சில அடிக்குறிப்புகள் சேர்த்தார். அமெரிக்கா போனபோது நானே மனந்திரும்பியிருக்கவில்லை என்று எழுதிய இடத்தில், இது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை என்று குறித்தார். இன்னோரிடத்தில், அப்போதும் எனக்கு வேலையாளின் விசுவாசம் இருந்தது, பிள்ளையின் விசுவாசம்தான் இல்லை என்று எழுதினார். சிம்மண்ட்ஸ் கப்பலில் நடுங்கிய அந்த இளைஞனை, அவிசுவாசி என்ற பட்டியலிலிருந்து முதியவர் எடுத்துவிட்டார்.

1788இல் விசுவாசத்தைப் பற்றிய பிரசங்கத்தில் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, பாவமன்னிப்பின் உறுதி இல்லாதவர்களை எல்லாம் பிசாசின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டோம். அது சரியல்ல, கடவுளுக்குப் பயந்து நீதியைச் செய்பவர் அந்த நிலையிலும் அவரால் ஏற்றுக்கொள்ளப்பட்டவர் என்றார். நடுங்குபவர் நின்றுவிடாமல் பிள்ளையின் உறவை நாடிப் போகவேண்டும் என்பதையும் அவர் விடவில்லை. ஆனால் நடுக்கத்தையே குற்றமாக்கிய பழைய தராசை ஒதுக்கிவிட்டார். ஒரு தலைவர் தம் 85ஆம் வயதில் தம் இளமைப் பிரசங்கத்தை மேடையிலேயே திருத்துவது எளிதன்று.

பயத்தைப் பேசும் இடம்

1738 முதல் வெஸ்லி சிறு குழுக்களை அமைத்தார். 1742இல் பிரிஸ்டல் நகரில், கட்டடக் கடனைத் தீர்க்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பதற்காகப் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகள் பிரிக்கப்பட்டன. வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே கண்ட துயரங்களையும் சொன்னார்கள். வகுப்பு அப்படியே ஒருவரையொருவர் விசாரிக்கும் கூட்டமாக மாறிவிட்டது. பயத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் கிடைத்தது என்பதே அதன் பெரும்பயன். பிரசங்கபீடத்திலிருந்து பயப்படாதே என்று சொல்வது வேறு. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வாரம் எப்படி இருந்தாய் என்று கேட்பது வேறு. பிற்காலத்தில், 1814இல், இலங்கைக்குப் புறப்பட்ட மெதடிஸ்தக் குழுவின் தலைவர் தாமஸ் கோக் கடலிலேயே இறந்தபோது, மற்றவர்கள் திரும்பாமல் காலியில் கரையிறங்கி யாழ்ப்பாணம் வரை பிரிந்து சென்றார்கள். அவர்களை உருவாக்கியதும் இத்தகைய கூட்டங்களே.

உடலையும் வெஸ்லி மறக்கவில்லை. 1747இல் ஏழைகளுக்காக ஒரு கைமருத்துவ நூல் வெளியிட்டார். 1759இல், மகனை இழந்த துயரத்தால் தீராத வயிற்றுவலியில் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகையில், வலியின் மூலத்தை விசாரிக்காமல் மருந்து மேல் மருந்து கொடுத்த மருத்துவர்களைக் குறைகூறினார். மறுபக்கமும் உண்மையே: மனக்கலக்கம் உடலிலிருந்தும் வரும். தூக்கமும் பசியும் கெட்டு நாட்கணக்கில் கலங்குபவருக்கு ஜெபத்தோடு மருத்துவரும் தேவை. மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவு என்று சொல்பவர்கள் வெஸ்லியைத் துணைக்கு அழைக்க முடியாது.

கடைசி நாட்கள்

1791 பிப்ரவரி 23 அன்று கடைசிப் பிரசங்கம். மறுநாள், அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சுக்கு ஊக்கமூட்டி ஒரு கடிதம் எழுதினார். அதன்பின் லண்டன் சிட்டி ரோடு வீட்டில் படுக்கையானார். மார்ச் 1 அன்று, சூழ்ந்திருந்தவர்கள் வியக்க, ஐசக் வாட்ஸின் ஒரு பாட்டை எழுப்பிப் பாடினார். பலம் போனபின் முதல் சொற்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாவற்றிலும் மேலானது கடவுள் நம்மோடு இருப்பதே என்று கையை உயர்த்தி இருமுறை சொன்னார். மார்ச் 2 காலையில் இறந்தபோது வயது 87.

கூட்டம் நெரிசலாகிவிடும் என்று அஞ்சி, 9ஆம் நாள் விடியுமுன்னே அடக்கம் நடந்தது. சவ வண்டியும் ஆடம்பரமும் வேண்டாம், ஆறு ஏழைகள் தம்மைக் குழிவரை சுமக்கட்டும், ஆளுக்கு ஒரு பவுன் கொடுத்துவிடுங்கள் என்று அவர் உயிலில் எழுதி வைத்திருந்தார்.